பெரிய கம்பெனி 51 சதவீதம் கேட்கிறது: கொடுக்கலாமா?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். புதுச்சேரியில் இன்ஜினியரிங் முடித்த மூன்று நண்பர்கள். பம்பின் மேல் பொருத்தும் சின்னக் கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அதிர்வையும் சூட்டையும் அளந்து, பம்பின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் போகப்போகிறது என்று முன்கூட்டியே அது சொல்லிவிடும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலை வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம் இதைப் பார்த்துவிட்டு, "சேர்ந்து ஒரு புதுக் கம்பெனி தொடங்கலாம்" என்கிறது. 51 சதவீதப் பங்கு அவர்களுக்கு. இரண்டு வருடத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய் போடுவார்கள். மூவருக்கும் மாதச் சம்பளம். சோதித்துப் பார்க்க ஆலையைத் திறந்துவிடுவார்கள். கண்டுபிடிப்பதெல்லாம் இரு தரப்புக்கும் பொது. "கையெழுத்துப் போடலாமா அண்ணா?" என்பது கேள்வி.

இப்போதுள்ள வடிவத்தில் போடாதீர்கள். அதற்காக உறவை முறித்துக்கொண்டும் வந்துவிடாதீர்கள். பங்குப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் கேளுங்கள். சின்ன ஆர்டராக இருந்தாலும் பரவாயில்லை, அவர்களுக்குப் பொருள் தருபவர்களின் பட்டியலில், அதாவது வெண்டர் கோடில், உங்கள் பெயர் ஏறி, ஜி.எஸ்.டி. போட்ட பில்லுக்குப் பணம் வங்கியில் விழ வேண்டும். அது நடந்த பிறகு பங்கைப் பற்றிப் பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நான் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் 18 வருடம் வேலை பார்த்தவன். அப்புறம் நண்பர் ஒருவரோடு சொந்தமாகச் சின்னக் கம்பெனி நடத்தினேன். இப்போது புதுச்சேரியிலும் கடலூரிலும் புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒப்பந்தங்களைப் படிக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெரிய கம்பெனி உங்களுக்குத் தரக்கூடியவற்றில் பணம்தான் கடைசி. ஒன்றரைக் கோடியை வேறு இடத்திலும் திரட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஆலை வேறு எங்கே கிடைக்கும்? குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் போயிருந்தால் தெரியும், இந்தப் பக்கம் உப்பனாறு, அதைத் தாண்டினால் கடல். அந்த உப்புக்காற்றோடு ஆலைக்குள் இருக்கும் அமில ஆவியும் சேர்ந்துகொள்ளும். பெங்களூரு ஆய்வகத்தில் பளபளவென்று இருந்த அலுமினியப் பெட்டி இங்கே மூன்றே மாதத்தில் வெள்ளைப் பொடி பூத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். திருகாணியைத் திறக்கப் போனால் தலை மட்டும் கையோடு வந்தது, உடல் உள்ளேயே நின்றுவிட்டது. கருவியின் கணக்கு சரியாக இருந்தும் கேபிள் உள்ளே நுழையும் கிளாண்ட் வழியாக ஈரம் புகுந்து செத்துப்போனது. எந்தப் பெட்டி, எந்த ஆணி, எந்தப் பசை இங்கே தாங்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆலைக்குள் இருந்தாக வேண்டும்.

இன்னொன்று, அந்த ஆலையின் ஆட்கள். எங்கள் ஆலையில் இரவு ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பேரிங் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து அழுத்துவார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கரகரங்குது சார், நாலு நாள் தாங்கும்" என்பார். பெரும்பாலும் நான்கு நாள்தான் தாங்கும். அவர் அதை ரிப்போர்ட்டாக எழுத மாட்டார். லாக் புக்கில் ஒரே வரிதான் இருக்கும்: "பி பம்ப் சத்தம், ஏ-க்கு மாற்றப்பட்டது." ஆலையில் முக்கியமான பம்பெல்லாம் ஜோடியாக இருக்கும், ஒன்று ஓடும்போது மற்றது காத்திருக்கும். உங்கள் கருவி பதிவு செய்கிற அதிர்வு திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்கினால் பம்ப் உடைந்ததா, ஆபரேட்டர் மாற்றினாரா என்று கருவிக்குத் தெரியாது. லாக் புக்கில் இருக்கிற அந்த ஒரு வரிதான் உங்கள் மென்பொருளுக்கு வாத்தியார். ஆகவே, ஒப்பந்தத்தில் கேட்க வேண்டிய பொருள் இதுதான்: கடந்த ஐந்து வருட ஷிப்ட் லாக் புக், பழுது பார்த்த பதிவுகள், ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து பேச அனுமதி. ஒன்றரைக் கோடியை விட இது பெரிது என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

இதையெல்லாம் வாங்கப் பங்கு கொடுக்கத் தேவையில்லை. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 2015-ல் ஸ்டார்ட்அப் கராஜ் என்ற பிரிவைத் தொடங்கியபோது இந்த வழியைத்தான் எடுத்தது. பங்கு வாங்குவதை விட்டுவிட்டு, புதுக் கம்பெனியின் முதல் பொருளைக் காசு கொடுத்து வாங்கி, தன் வேலையில் போட்டுப் பார்த்தது. முதலீட்டாளராக வராமல் வாடிக்கையாளராக வருவது. பின்னர் பல பெரிய நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. உங்களிடம் வந்திருக்கும் நிறுவனத்துக்கும் உண்மையில் வேண்டியது பம்ப் நிற்காமல் ஓடுவதுதான். அதற்கு 51 சதவீதம் எதற்கு?

அந்த எண்ணையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் பங்குச் சதவீதம் ஏணிப்படி மாதிரி ஏறுவதில்லை, சில இடங்களில் தாவுகிறது. கம்பெனிச் சட்டப்படி வாக்குரிமையில் 20 சதவீதம் வந்தாலே உங்கள் கம்பெனி அவர்களுடைய செல்வாக்குக்கு உட்பட்ட இணை நிறுவனம் ஆகிவிடும். முக்கியமான முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அது நிறைவேற 75 சதவீத ஆதரவு வேண்டும். ஆகவே 25-க்கு மேல் ஒரு துளி கொடுத்தாலும் அவர்கள் தலையசைக்காமல் நீங்கள் பெரிய முடிவு எதையும் எடுக்க முடியாது. பாதியைத் தாண்டினால் நீங்கள் அவர்களுடைய துணை நிறுவனம், இயக்குநர் குழுவில் யார் உட்கார்வது என்பது அவர்கள் கையில்.

சட்டத்தை விடுங்கள், வியாபாரத்தைப் பாருங்கள். பக்கத்து ஆலைக்காரர் உங்கள் கருவியை வாங்குவாரா? பம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது நின்றது என்ற விவரத்தை வைத்தே ஒரு ஆலை எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். தன் போட்டியாளரின் துணை நிறுவனத்துக்கு அதை யார் அனுப்புவார்கள்? சிப்காட்டில் அத்தனை ஆலைகள் இருந்தும் உங்களுக்கு ஒரே வாடிக்கையாளர் என்று ஆகிவிடும். அடுத்து வரும் முதலீட்டாளரும் முதல் பக்கத்தில் 51-ஐப் பார்த்ததுமே கோப்பை மூடிவிடுவார். நிறுவனர்கள் கையில் பாதிகூட இல்லாத கம்பெனியில், பெரிய நிறுவனம் மனம் மாறினால் தன் பணத்துக்கு என்ன கதி என்று அவர் யோசிப்பது நியாயம்தான்.

அப்படியானால் பெரிய நிறுவனம் சேர்ந்து உருவாக்கிய எதுவும் உருப்படவில்லையா என்று கேட்டால், நம் மாநிலத்திலேயே டைட்டன் இருக்கிறது. 1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. தொழிற்சாலை ஒசூரில். இன்றைக்கும் டிட்கோ கையில் கால் பங்குக்கு மேல் இருக்கிறது. அது வளர்ந்ததற்கு நான் பார்க்கும் காரணம், டாடாவின் ஏதோ ஒரு பிரிவின் வாலாக அது தொங்கவில்லை என்பது. தனிக் கம்பெனி, தனி ஆலை, கடிகாரத்தையே மூச்சாக நினைத்த செர்க்சஸ் தேசாய் என்ற தனித் தலைவர். நகைக் கடை பக்கம் அது போனது 1990-களில். அவ்வளவு காலம் பொறுத்திருக்கும் கூட்டாளிகள் அதற்கு வாய்த்தார்கள். உங்களுக்கு வந்திருக்கும் திட்டத்தில் இரண்டு வருடம் என்று இருக்கிறது.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது ஏத்தர். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய மின் ஸ்கூட்டர் கம்பெனி. ஹீரோ மோட்டோகார்ப் அதில் முதலீடு செய்தது 2016-ல். அதற்கு முன்பே வேறு முதலீட்டாளர்கள் உள்ளே இருந்தார்கள். ஹீரோ பெரிய பங்குதாரர் ஆனது, ஆனால் ஓட்டியது நிறுவனர்கள்தான். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2022-ல் ஹீரோ தன்னுடைய சொந்த மின் ஸ்கூட்டரை விடா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பங்கு வைத்திருப்பவரே போட்டியாளரும் ஆனார். ஏத்தர் தனியாக நிற்கும் பலத்தோடு இருந்ததால் அதைத் தாங்கியது, 2025-ல் பங்குச் சந்தையிலும் பட்டியலானது. உங்கள் கூட்டாளி நாளைக்குச் சொந்தமாக இதே மாதிரிக் கருவி செய்தால் உங்கள் கதி என்ன என்பதை இன்றைய ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். 'வேறு யாருக்கும் விற்கக்கூடாது' என்ற வரி அதில் இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். மிஞ்சிப் போனால் ஆறு மாதம், அதுவும் குறைந்தபட்ச ஆர்டர் ஒன்றை எழுத்தில் கொடுத்தால் மட்டும்.

பெரும்பான்மைப் பங்கு கொடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கோயம்புத்தூரில் ஹேமலதா அண்ணாமலை 2008-ல் தொடங்கிய ஆம்பியர், 2018-ல் கிரீவ்ஸ் காட்டன் கைக்குப் பெரும்பான்மைப் பங்கோடு போனது. அது பத்து வருடம் வண்டி விற்று, டீலர் பிடித்து, பெயர் எடுத்த பிறகு நடந்த விற்பனை. நீங்கள் இன்னும் ஒரு பில் கூடப் போடவில்லை.

இனி நான் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: 'கண்டுபிடிப்பதெல்லாம் பொது' என்ற வரி. கேட்க நியாயமாக இருக்கிறது. நானும் என் நண்பரும் ஒரு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து, பம்ப் சீல் கசிவைக் கண்டுபிடிக்கும் ஒரு அமைப்பைச் செய்தோம். காப்புரிமையை இரண்டு பெயரிலும் போட்டோம். எங்களுக்கு அன்று பெருமையாக இருந்தது. காப்புரிமைச் சட்டத்தின் 50-வது பிரிவை யாரும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குச் சொல்லாமல் அதைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் மூன்றாம் ஆளுக்கு உரிமம் கொடுக்கவோ தன் பங்கை மாற்றவோ மற்றவர் சம்மதம் வேண்டும். அவர்களுக்குப் பல ஆலைகள் இருந்தன, அத்தனையிலும் தாங்களே செய்து போட்டுக்கொண்டார்கள். சட்டப்படி சரிதான். எங்களுக்கு ஆலை கிடையாது. பெரிய பம்ப் கம்பெனி ஒன்று உரிமம் கேட்டு வந்தபோது, சம்மதக் கடிதத்துக்காக எட்டு மாதம் அலைந்தோம், வந்தவர்கள் பொறுமை இழந்து போய்விட்டார்கள். பாதிச் சொத்து என்று நினைத்தது எங்கள் கையில் ஒரு காகிதமாக இருந்தது. என் நண்பர் அதன் பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

ஆகவே காப்புரிமை உங்கள் கம்பெனி பெயரில் மட்டும் இருக்கட்டும். அவர்களுடைய எல்லா ஆலைகளிலும் காலமெல்லாம் பயன்படுத்திக்கொள்ளும் உரிமத்தை இலவசமாகவே கொடுங்கள், பெரும்பாலும் அவர்களுடைய சட்டப் பிரிவு கவலைப்படுவது அதற்காகத்தான். ஒரு சின்ன விஷயம், ஆனால் பணம் மிச்சம்: ஸ்டார்ட்அப்பாக நீங்கள் தனியாக ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்டணம் 1,600 ரூபாய், பெரிய நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கான 8,000.

அப்புறம் ஆட்கள். உங்களை யார் கூப்பிட்டார்கள்? மும்பை தலைமை அலுவலகத்தின் 'இன்னொவேஷன்' பிரிவா, கடலூர் ஆலையின் மெயின்டனன்ஸ் மேலாளரா? முதலாமவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் லாபம் குறையும் வருடத்தில் முதலில் வெட்டுப்படுவது அவருடைய பட்ஜெட். பம்ப் நின்றால் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வருகிறது பாருங்கள், அந்த ஆள்தான் உங்களுக்கு வேண்டும். பணமும் ஆலையின் மெயின்டனன்ஸ் செலவுக் கணக்கிலிருந்து வரட்டும். ஆலைத் தலைவர்கள் மூன்று நான்கு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள், புதிதாக வருபவருக்கு உங்கள் பெயரே தெரியாது. அதனால் எல்லாம் எழுத்தில், இரண்டு பேர் கையெழுத்தோடு.

ஆர்டர் கேட்டால், "மூன்று வருட பேலன்ஸ் ஷீட் இல்லையே, வெண்டர் ஆக்க முடியாது" என்று பர்ச்சேஸில் சொல்வார்கள். தனியார் நிறுவனத்தில் இது அவர்களே போட்டுக்கொண்ட விதி, ஆலைத் தலைவர் ஒரு குறிப்பு எழுதினால் தளர்த்தலாம். பொதுத்துறையில் ஸ்டார்ட்அப்புகளுக்கு முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளைத் தளர்த்த அரசின் கொள்முதல் விதிகளே இடம் தருகின்றன. நம் மாவட்டத்திலேயே நெய்வேலியில் என்.எல்.சி. இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தால்தான் அந்தச் சுரங்கம் நடக்கும். பம்ப் கருவி செய்பவருக்கு அதைவிடப் பெரிய வாசல் எங்கே இருக்கிறது? மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கையும் இருக்கிறது.

குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இன்றே செய்துவிடுங்கள். உற்பத்தியாளராகப் பதிந்த குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும், பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உண்மையில் ஒரே வாடிக்கையாளர் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. ஆனால் கெடுவுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருட வரிக் கணக்கில் காட்ட முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் வந்த பிறகு, மார்ச் மாதம் அக்கவுண்ட்ஸ் பிரிவே நம்மைத் தேடி அழைக்கிறது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள், சிறு நிறுவனங்களின் பில்லைப் பணமாக்கும் டிரெட்ஸ் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அவர்கள் அங்கே உங்கள் பில்லை ஏற்றுக்கொண்டால், கொஞ்சம் கழிவு கொடுத்து முன்கூட்டியே பணமாக்கிக்கொள்ளலாம்.

புதுச்சேரியில் பதிவதா, கடலூரில் பதிவதா என்றும் கேட்டிருந்தீர்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் நடுவில் எல்லை ஓடுகிறது. தமிழக அரசின் டான்சீட் தொடக்க நிதி வேண்டுமென்றால் கம்பெனி தமிழ்நாட்டில் இருக்க வேண்டும். புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் அடல் இன்குபேஷன் மையத்தோடு உங்களுக்குத் தொடர்பு இருந்தால் அதையும் எடைபோடுங்கள். முதல் ஐந்து வாடிக்கையாளர் சிப்காட்டிலும் நெய்வேலியிலும் இருப்பார்கள் என்றால் என் ஓட்டு கடலூருக்கு. ஒரு எச்சரிக்கை: பெரிய நிறுவனம் தன் பிரிவு ஒன்றைப் பிரித்துப் புதுக் கம்பெனிக்குள் போடலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவான கம்பெனிக்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது.

சரி, அவர்களுக்கு என்ன பதில் எழுதுவது? நான் எழுதினால் இப்படி எழுதுவேன். ஆறு மாதப் பைலட், அதாவது சோதனை ஓட்டம், 40 பம்புகள், ஒரு பம்புக்கு மாதம் இவ்வளவு ரூபாய் என்று விலை போட்டு. இலவசம் வேண்டாம், இலவசமாகப் பொருத்திய கருவியின் எச்சரிக்கையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எதை வெற்றி என்று சொல்வது என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பழுதை எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பொய் எச்சரிக்கை மாதம் எத்தனை வரை மன்னிக்கலாம். அந்த அளவைத் தொட்டால் அடுத்த 200 பம்புக்கான ஆர்டர் தானாக வர வேண்டும். கரைப்பான் ஆவி உள்ள பகுதிகளில், தீப்பொறி எழாத கருவி என்ற சான்றும், மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதலும் இல்லாமல் எதையும் பொருத்த முடியாது. அந்தச் செலவில் பாதியை அவர்கள் ஏற்கட்டும், முதல் கட்டத்துக்குத் தண்ணீர்ப் பம்புகளையும் கூலிங் டவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போட்டே தீருவோம் என்றால், ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வாங்கிக்கொண்டு கன்வெர்ட்டிபிள் நோட்டாக, அதாவது பிறகு பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடனாக, வாங்குங்கள். ஒருவர் ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் போட வேண்டும், பத்து வருடத்துக்குள் அது பங்காக மாறலாம் அல்லது திருப்பித் தரப்படலாம். விலை பேசுவதை வெளி முதலீட்டாளர் வரும் நாளுக்குத் தள்ளிவைக்க அது உதவும். அப்போதும் அவர்களுடைய பங்கு 20-க்குள் நிற்கட்டும்.

வேறு மாதிரி யோசனையோடு யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் சக்கையிலோ கழிவு மண்ணிலோ பொருள் செய்கிறீர்கள் என்றால் மூலப்பொருளே பெரிய கம்பெனி கையில் இருக்கிறது. அங்கே கூட்டு நிறுவனம்தான் பொருத்தம், அவர்கள் பங்கு அதிகம் கேட்பதிலும் நியாயம் உண்டு. அப்போது பங்கை விட, எத்தனை வருடம், என்ன விலைக்கு, எத்தனை டன் தருவார்கள் என்ற ஒப்பந்தத்தில் உயிரை விடுங்கள்.

தம்பி, கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள். அதற்கு முன் மெயின்டனன்ஸ் மேலாளருக்குப் போன் போட்டு பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் அடுத்த ஷட்டவுன் எந்தத் தேதி என்று கேளுங்கள். கருவியைப் பிடித்து நிற்கும் ஸ்டட் ஆணியைப் பம்பில் வைக்க வேண்டும், ஆலை ஓடும்போது அதற்கு ஹாட் வொர்க் பர்மிட், அதாவது தீப்பொறி எழும் வேலைக்கான அனுமதி, வாங்குவது பெரும்பாடு. அந்த ஷட்டவுனைத் தவறவிட்டால், உங்கள் ஆறு மாதப் பைலட் தொடங்குவதற்கே இன்னொரு வருடம் ஆகிவிடும்.